பதினேழு அறைகளும் ஒரு நோட்டீஸும்

ஆலையை மூடி, தொழிலாளர் குடியிருப்பை இடித்து, இடித்த செங்கல்லையும் விற்றுத் தின்ற பிறகு முதலாளிகள் ஊரைவிட்டுப் போனார்கள். நாற்பத்தோரு வருஷம் அந்த ஆலை வாசலில் கத்திக் கத்திக் குரலைத் தேய்த்துக்கொண்ட வீரபாகுவுக்கு மட்டும் போக இடமில்லாமல் இருந்தது. நாக்பூருக்கும் வடக்கே, தெற்கிலிருந்து பிழைக்கப் போன முந்நூறு தமிழ்க் குடும்பங்கள் பஞ்சுத் தூசியை விழுங்கி இருமிக்கொண்டிருந்த ஊர் அது. மிச்சமிருந்த சங்கத்தார் கூடிப் பேசி, மாலையும் சால்வையும் வாங்க வக்கில்லாததால், சங்கத்தின் பழைய பேருந்தையே அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆலை ஃபிட்டர்கள் இருவர் அதன் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பலகைப் படுக்கை, ஒரு கேஸ் அடுப்பு, கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, பின்புறம் தகரக் கதவு போட்ட கழிப்பறை என்று வைத்து அதை வீடாக்கினார்கள். கூரையில் இருந்த இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளை மட்டும் கழற்றக் கூடாது என்று வீரபாகு சொல்லிவிட்டார். வழியில் பேச வேண்டியிருக்கும் என்றார்.

அந்த வீட்டுவண்டியில் அவரும், அவர் மனைவி செண்பகவடிவும், வண்டியை ஓட்ட சங்கிலியும் ஏறினார்கள். சங்கிலி இருபது வருஷம் சங்க வண்டி ஓட்டியவன். அவனுக்கும் ஊர் கயத்தாற்றுப் பக்கந்தான். கயத்தாற்றில் வீரபாகுவின் அப்பன் விட்டுப்போன ஆறு சென்ட் இடம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அங்கே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் அதுவே வீடு. ஐந்து இரவு வழியில் தங்க வேண்டும், ஆறாம் நாள் ஊர். ஊரிலோ வரவேற்புக்குக் குழுவே போட்டிருந்தார்கள். படிப்பகத்து வாசலில் மேடை, ஒலிபெருக்கி, அவர் எழுதிய நோட்டீஸ்களின் கண்காட்சி.

நோட்டீஸ்கள் வண்டியிலேயே இருந்தன, வடிவின் தகரப் பெட்டியில். நாற்பத்தோரு வருஷத்தில் வீரபாகு எழுதி அச்சடித்து வாசலில் விநியோகித்த ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை அவள் எடுத்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டுவிட்டு, துண்டுப் பிரசுரங்களைப் படித்தே எழுதக் கற்றவர் அவர். அவருடைய பட்டம், பதக்கம், பிள்ளை குட்டி எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. குடியிருப்பு இடிபட்ட அன்று வடிவு அண்டாவை விட்டாள், அம்மியை விட்டாள், அந்தப் பெட்டியை மட்டும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அதை அவர் எல்லாரிடமும் சொல்வார். என் எழுத்தின் அருமை தெரிந்தவள் என்பார். வடிவு பெட்டியின் மூடியை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சாத்துவாள்.

முதல் இரவு ஆதிலாபாத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் திடலில் வண்டியைப் போட்டார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வடிவு பெட்டியைக் கீழே இறக்கி வண்டிப் படிக்குப் பக்கத்தில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். சங்கிலி, ஸ்டியரிங் மேலேயே தலையைச் சாய்த்துக்கொள்கிறேன் மதினி, எனக்குப் பழக்கந்தான் என்றான். வடிவு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சங்கிலி, உனக்கு சன்னல் எந்தப் பக்கம் வேணும்?"

"டிரைவருக்கு என்ன மதினி, ரோட்டுப் பக்கந்தான். ரோட்டைப் பாத்தாத்தான் தூக்கம் வரும்."

அவள் கொண்டையில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள், மடியில் ஏதோ தாளை வைத்துக் குனிந்து கொஞ்ச நேரம் இருந்தாள், போய்ப் பாரு என்றாள். சங்கிலி போனான். கழிப்பறைக்கு இந்தப் பக்கம், வெறும் தகரமாக இருந்த இடத்தில் ஒரு கதவு இருந்தது. திறந்தால் பத்தடிக்குப் பத்தடி அறை, ஒரு கயிற்றுக் கட்டில், சட்டை மாட்ட ஓர் ஆணி, ரோட்டைப் பார்த்து ஒரு சன்னல். சங்கிலி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துத் தூங்கிப்போனான். வெளியே நின்று பார்த்தால் வண்டி அதே இருபத்தெட்டு அடிதான் இருந்தது. பங்க்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அறையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அடுப்பை மட்டும் டீசல் டேங்க் பக்கம் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீரபாகு அந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுவர் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. உற்றுப் பார்த்தபோது அதில் மங்கலாக எழுத்துகள் தெரிந்தன. தாளுக்குப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திரும்பியிருந்த எழுத்துகள். எழுத்துக் கூட்டிப் படித்தார். தொழிலாளத் தோழர்களே, விழித்தெழுங்கள் என்று இருந்தது. அவருடைய எழுத்து. எண்பத்தொன்றில் போனஸுக்காக எழுதியது. நான் எழுதிய எழுத்து செங்கல்லாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பலகையில் போய்ப் படுத்தார். அந்த ஒரு நாள்தான் அந்தப் பிரயாணத்தில் அவர் நன்றாகத் தூங்கியது.

இரண்டாம் இரவு ஜட்செர்லா பக்கம் லாரிகள் நிற்கும் திடல். நாமக்கல் லாரிகளாக நின்றன. சங்கிலி ஒருவனிடம் தன் அறையைப் பற்றிச் சொல்ல, அவன் இன்னொருவனிடம் சொல்ல, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வடிவின் பெட்டிக்கு முன்னால் நாற்பது பேர் வரிசை கட்டிவிட்டார்கள். லாரிக்காரர்கள் ஒழுங்கு தெரிந்தவர்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினவன் முதலில், செருப்பு வெளியே, பீடி வெளியே, தண்ணீர்த் தொட்டியில் கைவைக்கக் கூடாது என்று அவர்களாகவே சட்டம் போட்டுக்கொண்டார்கள். ஓர் இரவுக்கு நாலைந்து அறைக்குமேல் வடிவால் முடியாது, கண் வலிக்கும் என்பதையும் அவர்களே கண்டுபிடித்து, மிச்சப் பேர் முறைவைத்து மாறிப் படுப்பது என்று ஏற்பாடு செய்தார்கள்.

நாற்பது பேரைப் பார்த்ததும் வீரபாகு மைக்கை எடுத்தார். ஆலை வாசலில் கடைசிப் பத்து வருஷமாக நாற்பது பேரை அவர் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. சாலைப் போக்குவரத்துத் தொழிலாளியின் உழைப்பு எப்படிச் சுரண்டப்படுகிறது என்று தொடங்கி, குழாய் ஒலிபெருக்கி கிழியக் கிழிய ஒன்றேகால் மணி நேரம் பேசினார். நல்ல பேச்சு. நாற்பது முதுகுகள் அதைக் கேட்டன. முடிக்கும்போது ஒரு டிரைவர் மட்டும் அவரை நோக்கித் திரும்பி வந்தான். குப்பண்ணன் என்று பெயர், முட்டை லாரிக்காரன். வீரபாகு கையை நீட்டினார்.

"ஏனுங்க ஐயா," என்றான் குப்பண்ணன், "டோக்கன் குடுக்கறது நீங்கதானுங்களா?"

அன்று நான்கு அறைகள் முளைத்தன. ஒவ்வொருவரிடமும் வடிவு அதே கேள்வியைத்தான் கேட்டாள், சன்னல் எந்தப் பக்கம் வேணும். குப்பண்ணன் வீட்டைப் பார்த்து வேணுங்க என்றான், அவன் சன்னலில் கொல்லிமலை தெரிந்தது. தெலங்கானாவில் கொல்லிமலை தெரிகிறதே என்று யாரும் அதிசயப்படவில்லை. மலையடியில் மழை பெய்கிறதா, வீட்டில் கடலைக்காய் காயப்போட்டிருக்கிறார்களே நனையுமா என்றுதான் கேட்டார்கள். வீரபாகு அவன் அறைக்குள் போய்ச் சுவரைக் காட்டினார். இது நான் எழுதியது, எண்பத்து நாலில், மூன்றாம் ஷிப்ட் பெண்களுக்காக என்றார். குப்பண்ணன் மரியாதையாக எழுந்து நின்று சுவரைப் பார்த்தான். எழுத்தெல்லாம் திரும்பியிருக்குதுங்களே ஐயா என்றான். பிறகு, உட்காருங்க, டீ சொல்லட்டுங்களா என்றான். சொந்த வண்டியில், சொந்த எழுத்துக்கு நடுவில், விருந்தாளியைப்போல் உட்காரச் சொன்னது வீரபாகுவுக்குக் கத்தியால் கீறியதுபோல் இருந்தது. எழுந்து முன்பலகைக்குப் போய்விட்டார்.

பொறாமை என்ற சொல்லைத் தம் நோட்டீஸ்களில் அவர் முதலாளிகளுக்கும் எதிர்ச் சங்கத்தாருக்கும் மட்டுமே பயன்படுத்தியிருந்தார். ஆகவே தமக்கு வந்திருப்பது வேறு ஏதோ என்று நம்பினார். கொள்கை வேறுபாடு என்று அதற்குப் பெயர் வைத்தார். தனியாருக்கு அறை கொடுப்பது சீர்திருத்தவாதம், அது மக்களின் போராட்டக் குணத்தை மழுங்கடிக்கும் என்று விடியும்வரை தமக்குத் தாமே வாதிட்டார். வாதத்தின் அடியில், நாற்பத்தோரு வருஷம் மக்களுக்காக நின்ற எனக்கு ஓர் அறை முளைக்கவில்லையே என்பது உறுத்திக்கொண்டிருந்தது. இவள் என்னிடம் ஏன் கேட்கவில்லை? சங்கிலியிடம் கேட்டாள். முட்டை லாரிக்காரனிடம் கேட்டாள். போய் நின்று கேட்டால் கொடுப்பாளோ என்னவோ. ஆனால் வரிசையில் நின்று கேட்பது மனுக்காரன் வேலை. வீரபாகு மனுக் கொடுத்தே அறியாதவர். கோரிக்கை வைப்பார், கெடு விதிப்பார்.

அனந்தபூரில் மூன்று அறைகள். நிலக்கடலை பறிக்கப் போகும் பெண்கள் அங்கே சாலையோரம் கூடாரம் போட்டிருந்தார்கள். அவர்களில் ருக்மணம்மா என்றொருத்தி, தெலுங்குக்காரி, எந்த ஆம்பளையும் எட்டிப் பார்க்க முடியாத பக்கம் சன்னல் வேண்டும் என்று கையைக் காட்டிச் சொன்னாள். அவளுடைய அறையில் சன்னல் கூரையில் இருந்தது. வானத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. மறுநாள் காலை எல்லாரும் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. முப்பது வருஷத் தூக்கம் பாக்கி இருக்கிறது, தீர்ந்ததும் இறங்கிக்கொள்கிறேன் என்றாள். குப்பண்ணனும் இறங்காமல் தன் லாரியைக் கிளீனரிடம் கொடுத்துவிட்டுக் கூடவே வந்தான். இப்படித் தங்கிப்போனவர்கள் சேரச் சேர, அறைக்கு அறை கொடி கட்டித் துணி காயப்போட்டார்கள், வெந்நீருக்கு முறை வைத்தார்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரசம் போதும் என்று முடிவு செய்தார்கள். எல்லாம் வீரபாகு வாழ்நாள் முழுதும் மேடையில் சொன்ன கூட்டு வாழ்க்கைதான். அவரைக் கேளாமல் நடந்ததுதான் குறை. அந்தப் பக்கத்து வருவாய் அலுவலர் ஒருவர் வந்து, இந்த அறைகள் எந்த சர்வே எண்ணில் வருகின்றன என்று கேட்டு, வண்டி மறுபடி புறப்படும்வரை யோசித்து, நகரும் புறம்போக்கு என்று எழுதிக்கொண்டு போனார்.

கிருஷ்ணகிரி அணைக்கட்டுப் பக்கம் சுற்றுலா வீட்டுவண்டிகளுக்கென்றே ஒரு திடல் இருந்தது. புல்தரை, விளக்குத் தூண், ஒவ்வொரு வண்டிக்கும் மின்சாரச் செருகி, வண்டியின் நீளத்தை அளந்து இடம் ஒதுக்கும் மேலாளர். அவர் டேப்பைப் பிடித்து வெளியே அளந்தார், இருபத்தெட்டு அடி. உள்ளே அளந்துகொண்டே போனவர் திரும்பி வர வெகு நேரமாயிற்று. எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று குழம்பி, கடைசியில் தம் மாமியாருக்கு ஓர் அறை கேட்டு வாங்கிக்கொண்டு வெளி அளவையே எழுதினார். குளிர்சாதன வீட்டுவண்டிகளில் பெங்களூரிலிருந்து வந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்து, அணை தெரிகிற மாதிரி அறை இருக்கிறதா என்று விசாரித்தார்கள். அன்றும் நான்கு அறைகள் முளைத்தன. அவர்களில் ஒரு பெண்மணி வீரபாகுவிடம் காரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிச் சாவியை நீட்டினாள். அவர் சாவியை வாங்கிப் புல்லில் போட்டார்.

அன்று மாலை ஊரிலிருந்து போன் வந்தது. வரவேற்புக் குழுச் செயலாளர், வீரபாகுவின் ஒன்றுவிட்ட தம்பி பேச்சிமுத்து. லாரிக்காரர்கள் வழியாகச் செய்தி எல்லாம் வந்துவிட்டது அண்ணாச்சி, ஊரே திரண்டு நிற்கிறது, பெரிய தட்டி வைத்திருக்கிறோம் என்றான். தட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று வீரபாகு கேட்டார். பேச்சிமுத்து கொஞ்சம் இழுத்தான்.

"அறை தரும் அன்னையே வருகன்னு போட்டிருக்கு அண்ணாச்சி. மதினி படம் பெருசா. ஒங்க படமும் இருக்கு."

"எங்க?"

"கீழ. தபால்தலை அளவுல. நன்கொடை குடுத்தவங்க வரிசையில."

நோட்டீஸ் கண்காட்சி என்னாயிற்று என்று அவர் கேட்கவில்லை. அவனாகவே, மேடை இடத்தில் வரிசைக்குத் தடுப்புக் கட்டியிருப்பதால் கண்காட்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டான்.

கடைசி இரவு சாத்தூருக்கு அருகே சுங்கச்சாவடியை ஒட்டிய திடல். மறுநாள் பதினொரு மணிக்கு வரவேற்பு. தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஏற்கெனவே வந்து காத்திருந்தார்கள். ஐந்து அறைகள் முளைத்தன. மொத்தம் பதினேழு. வீரபாகு பதினேழு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பதினேழு அறையிலிருந்தும் வாங்கய்யா, உட்காருங்க என்றார்கள். எந்த அறையும் அவரை, நீ எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. அவர் முன்பலகைக்குப் போய் உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். முன்பக்கம் நிரம்பியது. திருப்பிப் பின்பக்கமும் எழுதினார்.

அவர்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலைநிறுத்தம் என்று முடிவாகிவிட்டால் விடியற்காலையில் ஆலை வாசலுக்கு முன்னால் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார்கள். கோட்டைத் தாண்டினவன் கருங்காலி. அவன் கையால் தண்ணீர் வாங்க மாட்டார்கள், அவன் வீட்டுச் சாவுக்கும் போக மாட்டார்கள். கோட்டை யார் போட்டார், சரியா தவறா என்பதெல்லாம் பிறகு பேசிக்கொள்வது. கோடு கிடக்கிறவரை தாண்டக் கூடாது.

விடிந்ததும் எல்லாரும் பல் விளக்கத் திடலின் குழாயடிக்குப் போனார்கள். வடிவும் போனாள். வண்டியில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு வீரபாகு கோலப்பொடி டப்பாவை எடுத்து வந்து, வண்டிப் படியைச் சுற்றி இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை கோடு போட்டார். கோட்டுக்கு உள்பக்கம், படியை ஒட்டி வடிவு இறக்கிப் போட்டிருந்த தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

அவர் மனசில் இருந்தது ஒன்றுதான், அதை அவர் தமக்கே சொல்லிக்கொள்ளவில்லை. வடிவு வருவாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கோட்டைத் தாண்டி உள்ளே போவாள். போனதும் எழுந்து நின்று, நாற்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ பேரைச் சொன்ன அந்தச் சொல்லை, இந்த ஜனங்களுக்கு முன்னால், அன்னை என்று தட்டி வைத்தவர்களுக்கும் போய்ச் சேரும்படி, அவளைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வடிவு வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தவள் கோட்டைப் பார்த்து நின்றாள். பின்னால் வந்த ருக்மணம்மாவை முழங்கையால் தடுத்தாள். குப்பண்ணன் நின்றான். சங்கிலி நின்றான். தீப்பெட்டி ஆபீஸ்காரிகள் நின்றார்கள். உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசம் வந்தது. யாரும் அசையவில்லை. பால் பொங்கி அடுப்பு அவிந்துபோச்சு, சிலிண்டரை மூடணுமே அண்ணாச்சி என்று சங்கிலி சொன்னான். வீரபாகு சன்னல் வழியாகக் கையை விட்டுத் தாமே அதை மூடினார். கோடு அப்படியே கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. சாத்தூர்ப் பக்கம் ஐந்து மாசமாகப் பெய்யாத மழை. படிக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாயின் கீழ் பெட்டியும் வீரபாகுவும் நனையாமல் இருந்தார்கள். கோட்டின் தலைமாடும் கால்மாடும் கரைந்தன. நடுவில் ஒரு முழம்தான் வெள்ளையாக மிஞ்சியிருந்தது. பக்கத்தில் கரைந்த இடம் வழியாகத் தாராளமாகப் போகலாம். ஒருவரும் போகவில்லை. அறைக்காரர்கள் அத்தனை பேரும் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றார்கள். எதற்கு வேலைநிறுத்தம் என்று அவர்களுக்குத் தெரியாது. பெரியவர் கோடு போட்டிருக்கிறார், ஏதாவது நியாயம் இருக்கும் என்றான் குப்பண்ணன், முடியைப் பிழிந்துகொண்டே. வீரபாகுவின் வாழ்நாளில் ஒருவர்கூடக் கோட்டைத் தாண்டாத வேலைநிறுத்தம் அது ஒன்றுதான். அது தம் வீட்டு வாசலில் நடந்தது.

"உள்ள போயேன்," என்றார் வடிவைப் பார்த்து. "என்ன மழையில நிக்கே."

"கோடு கெடக்குல்லா," என்றாள் வடிவு. "எண்பத்தாறுல கைப்பிள்ளையோட நின்னிருக்கேன். அப்பமே தாண்டல. கோரிக்கை என்னன்னு சொல்லுங்க."

அவர் ராத்திரி எழுதிய தாளை நீட்டினார். அவள் ஈரம் படாமல் நுனியைப் பிடித்து வாங்கினாள். எழுத்துக் கூட்டி ஒன்றிரண்டு வரி பார்த்தாள். திருப்பினாள். மறுபக்கமும் விளிம்புவரை எழுத்து இருந்தது. சிரித்தாள் என்று சொல்ல முடியாது, ஆனால் மூக்கு கொஞ்சம் விடைத்தது.

"ரெண்டு பக்கமும் நிரப்பிட்டீக."

"எட்டுக் கோரிக்கை இருக்கு."

"இருக்கும். அந்தப் பெட்டியத் தெறந்து பாருங்க. நாப்பத்தோரு வருசத்துல ஒரு நாளாவது தெறந்திருக்கீகளா?"

அவர் திறந்தார். மேலே இருந்தது போனஸ் நோட்டீஸ். எடுத்துத் திருப்பினார். வெறுமையாக இருக்க வேண்டிய பின்பக்கத்தில் பென்சிலால் ஓர் அறை வரைந்திருந்தது. பத்தடிக்குப் பத்தடி, ஒரு கயிற்றுக் கட்டில், ஓர் ஆணி, ரோட்டைப் பார்த்து ஒரு சன்னல். சன்னல் மட்டும் புதிய பென்சில் கோடாக இருந்தது. மற்றதெல்லாம் பழசாகி மங்கியிருந்தது. அடுத்ததைத் திருப்பினார். மூன்றாம் ஷிப்ட் பெண்களுக்கான நோட்டீஸ். அதன் முதுகில் குப்பண்ணன் அறை. இப்படி நூற்றுக்கு மேல் இருந்தன. சன்னல் போட்டவை பதினேழு, சன்னல் இல்லாமல் மிச்சம்.

அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு ஒற்றை அறைக் குடியிருப்பில், அவர் கூட்டத்துக்குப் போன சாயங்காலங்களில், தாள் வாங்க வழியில்லாததால் அவள் நோட்டீஸ்களைத் திருப்பிப்போட்டு வீடு வரைந்துகொண்டிருந்திருக்கிறாள். ஆள் தெரியாமல் சன்னல் போடக் கூடாது என்று அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள். என் எழுத்தின் அருமை தெரிந்தவள் என்று ஊரெல்லாம் சொன்னாரே, அவள் பத்திரப்படுத்தியது எழுத்தை அல்ல, எழுத்துக்குப் பின்னால் மிச்சமிருந்த வெள்ளையை. ஜனங்கள் நாற்பது நாற்பது பேராக வரிசையில் நின்றது அந்த வெள்ளைக்கு. தம் சொந்த நோட்டீஸின் முதுகைப் பார்த்து அவருக்குப் பொறாமை வந்தது. இந்த முறை அதற்கு வேறு பெயர் வைக்க அவருக்குத் தோன்றவில்லை.

"எனக்கு ஒண்ணு போட்டிருக்கலாம்லா," என்றார். அவருக்கே கேட்டதா என்று சந்தேகமான குரல்.

வடிவு கோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே குனிந்து பெட்டியின் அடியில் கைவிட்டு ஒரு நோட்டீஸை எடுத்தாள். எண்பத்தாறு. தொண்ணூற்றொரு நாள் வேலைநிறுத்தம். அவர் எழுதியதிலேயே சிறந்தது என்று அவர் நினைத்தது, மூன்று மாவட்டங்களில் மறுபதிப்பு ஆனது. அந்தத் தொண்ணூற்றொரு நாளில் குடியிருப்பைப் பூட்டிவிட்டார்கள். வடிவு ரேஷன் கடைப் புங்கமரத்தடியில் கைப்பிள்ளையோடு கிடந்தாள். பிள்ளை எழுபதாம் நாள் போய்விட்டது. வீரபாகு அன்று வாசலில் பேசிக்கொண்டிருந்தார்.

"அப்பந்தான் நமக்குன்னு ஒரு அறை போடணும்னு நெனச்சேன். நமக்கு, பிள்ளைக்கு. பென்சிலக் கையில வச்சிக்கிட்டுத் தாளத் திருப்புனா, அங்கயும் நீங்க."

அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் அச்சு. ஓர் ஓரத்தில்கூட விரல் வைக்க இடமில்லை. கடைசிப் பத்தியை எழுதி முடித்ததும் அச்சகத்துக்காரரிடம், ஒரு அங்குலம் விடாதீர், விஷயம் இருக்கிறது என்று சொன்னது அவருக்கு நினைவு வந்தது.

பேருந்துக்குள் பதினேழு அறைகள் இருந்தும் வடிவு ஐந்து இரவும் அடுப்புக்குப் பக்கத்தில், கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு வெறும் பலகையில் படுத்திருந்தாள் என்பதும் அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அவளுக்கும் அறை இல்லை. அவர் அதைப் பார்த்திருந்தார், கவனிக்கவில்லை.

மழையில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். பேச்சிமுத்து போன்மேல் போன் அடித்துக்கொண்டிருந்தான். வீரபாகு எந்த வேலைநிறுத்தத்தையும் தாமாக வாபஸ் வாங்கியவர் அல்லர். தோற்றிருக்கிறார், அடிபட்டிருக்கிறார், வாபஸ் வாங்கியதில்லை. எட்டுக் கோரிக்கைத் தாளை அவள் கையிலிருந்து வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்தார். தொடைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேனாவை வெறுமனே பிடித்திருந்தார். ஒரு பக்கத்துக்குக் குறைத்து எழுதிப் பழக்கமில்லாத கை. கடைசியில் ஒரே ஒரு வரி எழுதினார்.

எனக்கும் இடம் வேண்டும்.

எழுதியதைப் படித்துப் பார்த்தார். அடியில் பொதுச்செயலாளர் என்று போடப்போனவர் போடவில்லை. தாளைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி அவளிடம் நீட்டினார். பிறகு எழுந்து போய், மிஞ்சியிருந்த ஒரு முழக் கோட்டைக் காலால் அழித்தார். குப்பண்ணன் கைதட்டப் போனான். சங்கிலி அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

வடிவு பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்தாள். கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து ஈரத்தை ஊதினாள். முதலில் கதவைப் போட்டாள். இரண்டு பேர் படுக்கக் கட்டில் போட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டிலும் போட்டாள், யாரிடமும் கேட்காமல். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"சன்னல் எந்தப் பக்கம் வேணும்?"

உலகத்தில் எல்லாவற்றுக்கும் கருத்துள்ள வீரபாகு சன்னலுக்கு ஒரு பக்கம் தேடினார். திடலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், நனைந்த ஜனங்களைப் பார்த்தார்.

"சங்கிலி சன்னலைவிட ஒரு சாண் பெருசா இருக்கணும்," என்றார்.

"அளவு அப்புறம். பக்கத்தக் கேட்டேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். திரும்பவும் கையில் எடுத்தார்.

"நீ சொல்லு."

அவள் குனிந்து வரைந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மேல், மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, சங்க வண்டி கயத்தாற்றுக்குள் நுழைந்தது. ஊர் இரண்டு பக்கமும் நின்றது. மேளம் இருந்தது, வெடி இருந்தது, தடுப்புக் கட்டையைத் தாண்டி வரிசை படிப்பகம்வரை போனது. தட்டி இரண்டு ஆள் உயரம். அன்னையின் படம் அதில் வானத்தைத் தொட்டது. கீழே நன்கொடையாளர் வரிசையில் அவர் படம், பேச்சிமுத்து சொன்னதைவிடவும் சிறியது, பாதி முகத்தைச் சணல் மறைத்திருந்தது. வீரபாகு தம் அறையில் நின்று அதை நன்றாகப் பார்த்தார். படம் சின்னதுதான். பார்த்துக்கொண்டிருந்த சன்னல், சங்கிலியின் சன்னலைவிட ஒரு சாண் பெரிது. கையை வைத்து அளந்துவிட்டுத்தான் அவர் இறங்கினார்.